எரிந்த முற்றம்

பிரஸ்ஸல்ஸில், ராஜ சதுக்கத்துக்கு அடியில்
ஒரு தெரு இருக்கிறது.
மழை கிடையாது, வெயில் கிடையாது.
கல் பாவிய சரிவு, இருபுறமும் சுவர்கள்,
வானம் இருக்கவேண்டிய இடத்தில்
செங்கல் வளைவு.
அங்கேதான் எனக்கு வேலை.
ஒரு நாற்காலி, ஒரு கைவிளக்கு,
சுவரைத் தொடாதீர்கள் என்று
மூன்று மொழிகளில் சொல்ல ஒரே வாய்.

பெரிய அரண்மனையாம்.
ஒரு சக்கரவர்த்தி இங்கேதான்
முடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாராம்.
அந்த மண்டபம் இல்லை, அதன் நிலவறை இருக்கிறது.
தேவாலயம் இல்லை, அதைத் தாங்கிய கால்கள் இருக்கின்றன.
பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு
கழுத்தைத் தடவிக்கொண்டு போகிறார்கள்.
சென்ற மாதம் ஒரு சிறுமி கேட்டாள்,
இங்கே இருந்தவங்க எல்லாம் எங்கே போனாங்க?
மாடிக்கு, என்றேன்.
நம்பினாள்.

ஆயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று, பிப்ரவரி.
வாளித் தண்ணீர் கல்லாய் உறைந்த குளிர்.
விடிந்தபோது கூரை இருந்த உயரத்தில்
புகை மட்டும் நின்றது.
விசாரணை நடந்தது.
சமையல்கட்டில் ஜாம் காய்ச்சினார்கள்,
பாகு பொங்கி அடுப்பில் வழிந்தது என்று எழுதினார்கள்.
பிற்பாடு வந்தவர்கள் சொல்கிறார்கள்:
தீ பிடித்தது மேலே, ஆட்சி செய்த சீமாட்டியின் அறையில்,
அணைக்காமல் விட்ட கணப்பில்.
அதை எப்படி எழுதுவது?
ஜாம் என்று எழுதினால் யாருக்கும் நோகாது,
ஜாம் காய்ச்சியவனைத் தவிர.

நாற்பது வருடம் அந்த இடம் அப்படியே கிடந்தது.
எரிந்த முற்றம் என்று பெயர் வைத்தார்கள்.
பெயர் வைத்துவிட்டால்
அவசரம் போய்விடுகிறது.
அப்புறம் சுவர்களை நெஞ்சளவுக்கு இடித்து,
அறைகளில் மண் அடைத்து,
மேலே தட்டையாகச் சதுக்கம் போட்டார்கள்.
இடிபாட்டை அகற்ற ஆகும் செலவு
மூடுவதற்கு ஆவதில்லை.

தலைக்கு மேல் டிராம் போகிறது.
தொண்ணூற்றிரண்டில்
ஃபிர்மின் ஓட்டுகிற வண்டி எதுவென்று எனக்குத் தெரியும்.
வளைவுக்கு முன்னால்
ஒரு மூச்சு தாமதமாகப் பிரேக் போடுவான்.
பதினாறு வருடம் அந்தத் தாமதத்தோடு குடும்பம் நடத்தியவள் நான்:
பதில் சொல்வதில் ஒரு மூச்சு,
மன்னிப்புக் கேட்பதில் இரண்டு.
அவன் திரும்பும்போது மட்டும்
கொஞ்சம் சுண்ணாம்பு உதிரும், என் தோளில்.
மதியம்வரை தட்டிவிட மாட்டேன்.

பேசி ஆறு வருடம்.
காரணம் என்று ஒன்று சொல்லுங்கள் என்றார் வக்கீல்.
ஷிப்ட் நேரம் ஒத்துவரவில்லை என்றோம்,
அதிசயமாய், இருவரும் ஒரே குரலில்.
அதுதான் எங்கள் ஜாம்.
எந்த அறையில், எந்தக் கணப்பு
என்பது அவனுக்கும் தெரியும்.
எனக்கும்.

வசந்தத்தில் தண்டவாளம் மாற்றினார்கள்.
மூன்று வாரம் டிராம் இல்லை.
சீட்டுக் கொடுக்கும் எம்புயி கேட்டாள்,
ஏன் ஹோடலீவ் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாய்,
ஒழுகுகிறதா?
இல்லை, என்றேன்.
ஒழுகவில்லை என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மறுபடி ஓடத் தொடங்கியது.
பத்தேகாலுக்கு அவன் வண்டி.
வளைவுக்கு முன்னால் சரியான இடத்தில்
சரியாகப் பிரேக் விழுந்தது.
ஒரு துகள் உதிரவில்லை.

புதுத் தண்டவாளமாக இருக்கலாம்.
புது ஓட்டுநராக இருக்கலாம்.
அல்லது கற்றுக்கொண்டிருக்கலாம்,
அவனுக்கே உரிய தாமதத்தில்.
மேலே ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
நாற்பத்திரண்டு படிகள்தான்.

ஏறவில்லை.
தோளை மட்டும் தட்டிக்கொண்டேன், பழக்கத்தில்.
ஐந்து மணிக்கு விளக்குகளை அணைத்தேன்.
வாசல்வரை வந்துவிட்டு
திரும்பிப் போய்,
அணைந்திருக்கிறதா என்று
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.