கம்பிவெட்டி

மாங்காய் லாரியின் பின்கதவு
கொக்கி கழன்று வந்து
இவர் தாடையில் அடித்தது.
கிருஷ்ணகிரி மண்டியில்
"பெங்களூரா, கிலோ பதினெட்..."
அங்கேயே நின்றது ஏலம்.

வைக்கோலில் கிடந்த பல்லை
வேரைத் தொடாமல் எடுத்து
டீக்கடைப் பாலில் மிதக்கவிட்டு
பிளாஸ்டிக் கவரோடு ஓடிவந்தான்
மூட்டை தூக்கும் மாதப்பன்.
"சீக்கிரம் வந்ததால பிழைச்சுது" என்றார்
டாக்டர் நஸ்ரீன்.
பாலில் கிடந்தால் பல்லும் பிழைக்குமாம்.

கீழ்த்தாடையில் இரண்டு முறிவு.
மேல்வரிசையைக் கீழ்வரிசையோடு
கம்பி முறுக்கிக் கட்டி
ஆறு வாரத்துக்குப் பூட்டு.
கடைவாய்க்குப் பின்னால் மிஞ்சிய சந்தில்
ஒரு உறிஞ்சுகுழாய்:
கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர்,
சீசன் முழுக்க
வடிகட்டிய மாம்பழம்.

"வாந்தி வந்தா மூச்சடைக்கும்.
யோசிக்காம இந்த நாலையும் வெட்டுங்க."
இடம் காட்டி, என் கையில் கொடுத்தார்
கம்பிவெட்டியை.
தாலிக்கொடியில்
ஊக்குகளுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.
குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது.

கொடுத்தவர் என் வாயைப் பார்த்தார்.
"உங்க பல்லுக்கு என்ன ஆச்சு?"
"குழாயடியில வழுக்கிட்டேன்."
ஒன்பது வருஷமாக அதே குழாயடி.
இவர் சுவரில் இருந்த
ஈறு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பல்லை யாரும் பாலில் போடவில்லை.
விடிந்து பெருக்கும்போது
கட்டிலுக்கடியில் இருந்தது.

பதினேழாம் ராத்திரி
எழுந்து உட்கார்ந்து குமட்டினார்.
லைட்டைப் போட்டு, உதட்டை விலக்கி,
வெட்டியின் வாயை
முதல் கம்பியில் வைத்தேன்.
இவர் கண்ணில் ஒரு பார்வை.
எனக்குத் தெரிந்த பார்வைதான்,
ஆனால் இதுவரை
என் முகத்தில் இருந்தது.

வெறும் ஏப்பம்.
கையை உடனே எடுத்தேனா,
கொஞ்சம் பொறுத்து எடுத்தேனா,
அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நாற்பத்துமூன்றாம் நாள்
கம்பிகள் தட்டில் விழுந்தன.
"கடிச்சுப் பாருங்க. முன்ன மாதிரி சேருதா?
எக்ஸ்ரே சொல்லாது,
நீங்கதான் சொல்லணும்."
கடித்தார். யோசித்தார்.
"கொஞ்சம் மாறியிருக்கு."
மண்டிக்கு எட்டாத குரல்.

கம்பிவெட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில்
"உன் பல்லையும் காட்டிடலாமா" என்றார்.
"எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க,
நீங்களே சொல்லுங்க" என்றேன்.

காவேரிப்பட்டணம் பஸ் வந்து நின்றது.
இவர் வாய் திறந்தபடி இருந்தது,
இப்போதைக்கு முடிந்த அளவு,
இரண்டு விரல் அகலம்.