இரண்டு நூல்

மாடிக் குளியலறையில் கோலிக்குண்டை வைத்தால்
எங்கே வைத்தாலும்
தொட்டியின் கால்மாட்டுக்கே உருண்டு போகும்.
பழைய வீடு அப்படித்தான் என்பார் வெர்னர்.
எங்கள் வீட்டில் அது ஒரு பதில்.
முனகும் படிக்கு, திறக்காத ஜன்னலுக்கு,
சமையலறை மேற்கூரையில்
தேநீர் சிந்தியதுபோல் படர்ந்த வட்டத்துக்கு.

டுலூத்தில் ஏப்ரல் வந்தும் ஏரியில் பனிக்கட்டி மிதக்கும்.
தாதுக் கப்பல் துறையில் தேய்ந்த அவர் முதுகுக்கு
கழுத்துவரை வெந்நீர் வேண்டியிருந்தது.
படத்தைப் பார்த்தே ஆர்டர் கொடுத்துவிட்டோம்:
வார்ப்பிரும்புத் தொட்டி, நூற்றெண்பது கிலோ.

டெல்ஃபின் லாப்ரெய்ரி வந்தாள்,
காதில் பென்சில், முழங்காலில் பட்டை.
தொட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"நேர் கீழே என்ன?"
சாப்பாட்டு மேசை.
"யார் உட்காருவீர்கள்?"
சுவரிலேயே கணக்கெழுதினாள்.
இரும்பு. அதன்மேல் இருநூற்றறுபது கிலோ தண்ணீர்.
வெர்னர் தன் எடையில் பத்துக் கிலோ குறைத்துச் சொன்னார்.
அவள் இருபது கூட்டி எழுதினாள்.

டைல்ஸ் பெயர்ந்தது.
அடியில் மூன்றங்குலக் காரை,
அதனடியில் பலகை,
ஊறிய ரொட்டிபோல் விரலுக்கே பிட்டு வந்தது.
அதனடியில் உத்தரம்.

எட்டங்குல உத்தரத்தில் ஆறங்குலத்தைக் காணோம்.
கழிவுக்குழாய் போக வழி கேட்டு
என்றோ ஒரு பிளம்பர்
அடிப்பக்கமாக அறுத்திருக்கிறான்,
அதுவும் நட்டநடுவில்.
"ஈயம் ஊற்றிய இணைப்பைப் பாருங்கள், நகை வேலை," என்றாள்.
"மரம் அவன் வேலை இல்லை. அவ்வளவுதான்."

பிறகு ஏன் விழவில்லை?

குப்புறப் படுத்து டார்ச் அடித்தாள்.
வெகுநேரம் எழவில்லை.
"உத்தரம் குழாயைத் தாங்கவில்லை,
குழாய்தான் உத்தரத்தைத் தாங்குகிறது."

அப்படியென்றால்
ரெய்னோவும் சிக்னெயும் ஒரே தொட்டியில் குதித்த
அத்தனை சனிக்கிழமைகளிலும்.
நான் கீழே கம்பு ரொட்டி அறுத்தபடி
தண்ணீரைச் சிந்தாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன்.
சிந்துவதுதான் ஆபத்தென்று நினைத்திருந்தேன்.
தலைக்கு மேல் வெள்ளம் போனபின்
சாணென்ன முழமென்ன என்பார்கள்.
போய்க்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.
ஒரு சாக்கடைக் குழாய்க்குத் தெரிந்திருந்தது.

மேசையை நகர்த்தி
இரும்புத் தூண் இரண்டை நட்டாள்.
ஜாக்கியில் ஒரு நாளைக்குக் கால் சுற்று.
அவசரப்பட்டால் சுவர்ப்பூச்சு வெடிக்கும் என்றாள்.
மூன்று வாரம் தூண்களுக்கு நடுவே சூப் குடித்தோம்.
வெர்னர் ஒன்றில் தொப்பியை மாட்டினார்.

புது மரம் பழைய மரத்துக்கு இருபுறமும்,
சுவரிலிருந்து சுவர்வரை,
பசையும் போல்ட்டுமாய்.
பிறகுதான் குழாயை அறுத்தாள்.
புதுக்குழாய் உத்தரங்களின் திசையிலேயே ஓடியது,
எதையும் குறுக்கே வெட்டாமல்.

ஜாக்கியை இறக்கிய காலையில்
எல்லோரும் மேலே பார்த்து நின்றோம்.
யாரோ தொண்டையைச் செருமியதுபோல் ஒரு சத்தம்.
அளந்தாள்.
"இரண்டு நூல் இறங்கியிருக்கிறது.
அது அதன் உரிமை.
மூன்றாவது நூலுக்கு என்னைக் கூப்பிடுங்கள்."

முதல் நாள் இரவு
வெர்னர் கழுத்துவரை வெந்நீரில்.
நான் விளக்கைப் போட்டுக்கொண்டு
நேர் கீழே, என் பழைய நாற்காலியில்.
மேலிருந்து குரல்: அங்கே என்ன செய்கிறாய்?
சாப்பிடுகிறேன் என்றேன்.
தட்டில் ஒன்றுமில்லை.

கோலிக்குண்டு இப்போது கதவுப் பக்கம் போகிறது,
மெதுவாக, யோசித்து யோசித்து.
டெல்ஃபினிடம் இன்னும் சொல்லவில்லை.