ஆட்காட்டி விரல்

எலகங்கா தாண்டி,
விமானங்கள் சக்கரத்தை இறக்கும் தூரத்தில்
சிக்கஹுல்லூர்.
சர்வே எண் 112. நூற்று எண்பத்தாறு ஏக்கர்.
பதிவேட்டில் கோமாளம்.
கன்னடத்தில் அது மேய்ச்சல் நிலம்,
தமிழில் துள்ளிக் களிப்பது.
என் படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்:
தரிசு. டிக் அடிக்கவும்.

சட்டப்படி இந்த ஆய்வே வேண்டாம்.
வெயில் புகை விடுவதில்லை என்று விலக்கு.
கடன் கொடுக்கிற வங்கி கேட்டதால் வந்திருக்கிறேன்,
ஒரு பைனாகுலர், ஒரு ஜிபிஎஸ்,
இருபத்தொரு நாள் ஒப்பந்தம்.

முதல் வாரம் புல்லைத் தவிர எதுவும் தெரியவில்லை.
இரண்டாம் வாரம்தான் புல் தெரிந்தது.
ஊசிப்புல் கால்சட்டையில் தைத்துக்கொண்டு வந்து
யஷ்வந்த்பூர் அறையில், பாயில் உதிர்ந்தது.
பூனைப்பருந்து மூன்று. கல்குருவி ஒரு ஜோடி.
வானம்பாடி எண்ண முடியவில்லை,
மேலே போய்க் குரலாகிவிடுகின்றன.
நரி: எச்சம் மட்டும்.
ஆடு: என் கணக்கில் 611, ஈரம்மா கணக்கில் 640.
"மிச்சம் இருபத்தொன்பதும் குட்டிங்க.
நீ எண்ணுறப்ப வயித்துக்குள்ள இருந்துச்சு."

முளை எண் 47.
ஆரஞ்சு பூசிய மரக்குச்சி.
அதன் காலடியில்,
கூடு என்று சொல்லவும் கூசுகிற ஒரு கைக்குழி,
நான்கு முட்டைகள், சரளையோடு சரளையாக.
மஞ்சள் மூக்கு ஆட்காட்டி என் தலைக்கு மேல்
சுற்றிச் சுற்றிக் கத்தியது.
எவனோ வந்திருக்கிறான் என்று
ஊருக்குச் சொல்வது அதன் தொழில்.
எனக்கும் அதேதான்,
சம்பளம் மட்டும் அந்த எவனிடமிருந்து.

எதிர்க்கிறேன் என்று சொல்லிவிடவும் முடியாது.
எண்ணூரில் அக்கா காயப்போடும் வெள்ளைச் சட்டை
சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடும்.
அவள் பையனின் பள்ளிப் பையில்
டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலர்.
பெரிய சோலார் திட்டம் என்று போனில் சொன்னேன்.
"சீக்கிரம் கட்டச் சொல்லுடா."
அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.
"அது என்ன சத்தம் பின்னால?"
"ஒண்ணுமில்லக்கா. ஒரு பறவை."

ஒண்ணுமில்ல.
அறிக்கையிலும் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள்,
கொஞ்சம் நல்ல நடையில்.

கருத்துக் கேட்புக்குப் பள்ளி மைதானத்தில் ஷாமியானா.
வெயில் நேராகத் திரையில் விழுந்ததில்
ஸ்லைடு ஒன்றும் தெரியவில்லை.
ஷெணாய் அதையே நகைச்சுவை ஆக்கினார்:
பாருங்க, எவ்வளவு வெயில், எல்லாம் வீண்!
கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு
பேனல் கழுவும் வேலை சொல்லப்பட்டிருந்தது.
அதுவும் சோறுதான், நான் யார் சிரிக்க.

ஈரம்மா எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள்:
கண்ணாடிக்கு அடியில் நிழல் விழுமே,
அங்கே புல் வருமா?
வந்தால் ஆடு நுழையுமா?
எவ்வளவு உயரத்தில் வைப்பீர்கள்?

யாரும் அதை யோசித்திருக்கவில்லை.
பதினொரு நாள் புல்லில் நடந்த நானும்.
குறிப்பேட்டில் ஏறியது:
'உயரம் குறித்து ஒருவர் விளக்கம் கோரினார்.'

ராத்திரி லேப்டாப்.
எப்போதும் ஒற்றை விரலால்தான் தட்டுவேன்.
அந்த விரலுக்கு என்ன பெயர் என்பது
ஏழாம் கட்டத்தின் முன் வந்து நின்றபோதுதான் உறைத்தது.
தரிசை எடுத்தேன்.
புல்வெளி என்று தட்டினேன்.
இப்படி ஒரு தேர்வு இல்லை என்றது திரை.
மறுபடி தட்டினேன்.
பரிந்துரைகள் என்ற இடத்தில்:
மேற்கே அறுபது ஏக்கரை விட்டுவிடவும்.
பேனலின் கீழ்விளிம்பு
ஆட்டின் முதுகுக்கு மேல் ஒரு முழம் இருக்கட்டும்.
முளை 47ஐ, குஞ்சு பொரிக்கும்வரை தொடவேண்டாம்.

மூன்றில் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள்.
கடைசியை. அதற்குத்தான் செலவில்லை.

போன ஞாயிறு பைக்கில் போய்ப் பார்த்தேன்.
முட்டைகள் இல்லை, ஓடும் இல்லை.
குஞ்சுகள் நடந்து போயினவா,
நரியா, தெரியவில்லை.
முளை மட்டும் நின்றது.
எங்கிருந்தோ எழும்பி வந்து
என்னைக் காட்டிக் காட்டி
கத்தத் தொடங்கியது அது.