நிகர எடை

புளியரைக்கு இந்தப் பக்கம்
எடைமேடையில் ஏறி நிற்கிற லாரியின் கண்ணாடியில்
ஒரு சொட்டு.
சுற்றிலும் வெள்ளை, நடுவில்
கறுப்பாய் ஒரு புழு வளைவு.

பைஜு தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறான். கரையவில்லை.
சாவியால் சுரண்டுகிறான்,
காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்கிறது.
"இதெந்தா சேச்சீ, சிமென்டோ?"
ரசீதைக் கிழித்துக்கொண்டே சொன்னேன்:
கறுப்புதான் பீ.
வெள்ளை, அதோட மூத்திரம்.

மூத்திரம்னா ஓடணுமே என்றான்.

ஓடாது பைஜு.
ஓட விடும் அளவுக்கு அதனிடம் தண்ணீர் இல்லை.
சேர்த்து வைக்கப் பையும் இல்லை.
நீர் கனம், கனத்தோடு எழும்ப முடியாது.
வாசல் வரை வந்த ஈரத்தையும்
உள்ளே திரும்ப உறிஞ்சிக்கொண்டு
பசையை மட்டும் வெளியே தள்ளும்.
வாசலும் ஒன்றே ஒன்று.
வெள்ளையும் கறுப்பும் அங்கே சந்தித்து
முழுசாய்க் கலக்காமல்
சேர்ந்து விழும்.
முட்டைக்கும் அதுதான் வழி.

கறுப்பு, தின்றதைச் சொல்லிவிடும்.
நாவல் பழுத்தால் ஊதா,
ஆலம்பழத்துக்குச் செம்மண், விதையோடு.
வெள்ளை ஒன்றும் சொல்லாது.
அது உடம்புக்குள் எரிந்ததன் சாம்பல்.
கேரளத்துக்கு வரவேற்கும் பலகையில்
இரண்டு மொழி மேலும் ஒரே வெள்ளை,
ஆனிச் சாரல் முழுக்க அடித்தும்
பாதிதான் போயிருக்கிறது.

கழிப்பதுதான் எனக்கு வேலை.
மொத்த எடையில் வண்டி எடையைக் கழித்தால் சரக்கு:
வைக்கோல், எம்-சாண்ட், பாவூர்சத்திரம் வெண்டைக்காய்,
இன்றைக்கு நாமக்கல் முட்டை.
பத்துக் கிலோவுக்குக் கீழே என் மேடைக்குக் கண் தெரியாது.
மைனா வந்து உட்கார்ந்தால் சுழியம்.
கழித்துவிட்டுப் பறந்தாலும் சுழியம்.

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் என்று
பைஜு கேட்கவில்லை.

தென்காசியில், வயிற்றில் குளிர்ந்த பசை தடவி
எக்ஸ்ரேயில் தெரியாமல் ஒளிந்திருந்ததை
ஸ்கேன் திரையில் நிறுத்திக் காட்டினாள் நிலோபர்.
இருட்டுக்குள் வெளேரென்று ஒரு பருப்பு.
"யூரிக் ஆசிட் கல்லுக்கா.
காக்கா எச்சத்துல வெள்ளையா இருக்குல்லா, அதே சாமான்.
தண்ணியே குடிக்க மாட்டீங்களா?"

குடிப்பேன்.
ராத்திரி எட்டுக்கு மேல், வீட்டில்.

இங்கே கேமரா உண்டு, ஜெனரேட்டர் உண்டு,
கூப்பிடு தூரத்தில் இரண்டு மாநிலத்துப் போலீசும் உண்டு.
ஆண்களுக்குத் தேக்குமரம் உண்டு.
நான் காலையில் ஒரு மடக்கு,
சோற்றுக்கு ஒரு மடக்கு.
ஓனரிடம் மூன்று முறை கேட்டாயிற்று.
பார்ப்போம் என்கிறார், தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே.
ஒன்பது வருஷமாய் அந்தப் பறவைகளைப் போலச் சேமித்ததில்
அவற்றுக்குப் பலித்தது எனக்குப் பலிக்கவில்லை.

போன மாசம் தகரக் கூரையிலிருந்து
ஒரு மைனா முட்டை ஓடு விழுந்தது, குஞ்சு போன ஓடு.
உள்சவ்வில் தொட்டால் உதிரும் வெள்ளைத் துணுக்கு.
கதவில்லாத அறையில்
அத்தனை நாள் அடைந்து கிடந்தது அது.
நீராய் விட்டிருந்தால் அதிலேயே ஊறிச் செத்திருக்கும்.
தூளாக்கி, மூலையில் ஒதுக்கி,
பிறகு சுவரை உடைத்திருக்கிறது.
ஓட்டை மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்,
ஏனென்று தெரியவில்லை.

"ஆரியங்காவு பங்க்ல கக்கூஸ் உண்டு சேச்சி,"
கண்ணாடியை விட்டுவிட்டு பைஜு சொன்னான்.
"தாழ்ப்பாள் உண்டு. வெள்ளமும் உண்டு.
திரிச்சு வரான் பால் வண்டி கிட்டும்."

மணி பதினொன்று பத்து.
பின்னால் மூன்று வண்டி ஹாரன் அடிக்கிறது.
அறையைப் பூட்டினேன்.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கிளீனர் இருக்கையில் ஏறினேன்.

எதிரே, பாதி சுரண்டிய வெள்ளைக்குள்ளே
மேடையின் சிவப்பு எண்கள்
பதினாலாயிரத்து அறுநூற்று இருபதில் நின்றவை
ஒரு துடிப்புத் துடித்து
அறுநூற்று எண்பது என்றன.