ஏழாம் பக்கத்தில் ஒரு புள்ளி

நாங்குநேரிச் செய்தி வந்தபோது மணி பதினொன்றே கால்.
சங்கரன்கோவில் வண்டி கிளம்ப இருபது நிமிடம்.
வண்ணார்பேட்டை அலுவலகத்தில்
நானும் ஒரு பொட்டலம் பரோட்டாவும்தான் விழித்திருந்தோம்.

காவல் நிலையக் குறிப்பில் 0.37 என்று இருந்ததாம்.
நிருபர் தங்கக்குமார் போனில் வாசித்தார்,
அவருக்குப் பின்னால் ஒரு லாரி போனது.
நான் 37 என்று அடித்தேன்.
பிறகு கணக்குப் போட்டேன், அதை மட்டும் சரியாக:
ஒரு பிட்காயின் ஐம்பது லட்சம் என்றால்
பதினெட்டரைக் கோடி.
தலைப்பு தானாக எழுந்து நின்றது.

படம் வேண்டுமே.
கையால் தொடவே முடியாத காசுக்கு
நாலு தங்க நாணயம் போட்டேன்,
ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்து, பளபளவென்று.
சட்டத்தில் தடை என்று எங்கும் இல்லை, வரிதான் உண்டு.
எனக்கும் பத்தியில் ஒரு வரி குறைந்தது,
'தடை செய்யப்பட்ட' என்று நிரப்பினேன்.

மைனிங் மெஷின் என்று இருந்ததை
நல்ல தமிழில்
'வீட்டுக்குள் சுரங்கம்' என்று ஆக்கினேன்.
அதற்காக அன்றிரவு சற்றே பெருமைப்பட்டதும் உண்மை.

அவர் பேர் ஐகோர்ட் ராஜா.
மூன்றடைப்புக்குக் கிழக்கே செல்போன் பழுது பார்ப்பவர்.
விடிந்ததும் வாசகர் ஒருவர் கூப்பிட்டார்:
'ஏம்வே, ஐகோர்ட்டே சுரங்கம் வெட்டுனா
நாங்க எங்கவே போயிச் சொல்ல?'

மறுநாள் அவர் வீட்டு வாசலில் கனிமவளத்துறை ஜீப்.
டேப்போடு இறங்கியவர்கள்
கழிவறைக்குத் தோண்டிய குழியை அளந்தார்கள்.
ஏழடி. செம்மண்.
மாதிரிக்கு ஒரு கை அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள்.
அதற்கும் மறுநாள்
நாலு வருடம் பேசாத சகலப்பாடி
ஒரு தார் கதலியோடு வந்து உட்கார்ந்தார்.
கொடைக் கமிட்டிக்காரர்கள்
வரி நோட்டில் அவர் பேருக்கு நேரே
பென்சிலால் ஒரு சுழி போட்டு வைத்தார்களாம்.

எட்டாம் நாள் என் மேசைக்கு வந்தார்.
சண்டைக்கு வரவில்லை.
கத்தரித்த செய்தியை விரித்தார், பேனா கேட்டார்,
மூன்றுக்கு முன்னால் ஒரு புள்ளி,
அதற்கும் முன்னால் ஒரு சுழி.
'இம்புட்டுத்தான் சார். இத விட்டுட்டியளே.'
புள்ளி வைத்தால்தான் மெய் என்று
ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவன் நான்.

அந்தக் காசுக்கு ஒரு பேரேடு உண்டாம்.
அதில் ஒரு வரி ஏற வேண்டுமானால்
எங்கெங்கோ இருந்து பல்லாயிரம் மெஷின் சரிபார்க்குமாம்.
ஏறியது ஏறியதுதானாம், அழிக்க முடியாதாம்.
எங்கள் பேரேடும் அழியாதுதான் என்றேன்.
சரிபார்க்க நான் ஒருவன்,
விரலில் சால்னா.

திருத்தம் போட்டோம்.
ஏழாம் பக்கம், கீழே,
நெல் விலைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில்
நாலு வரி.
சுரங்கத்துக்கு வருந்தினோம்.
நாணயப் படத்துக்கு வருந்த இடம் போதவில்லை.
எண் 3.7 என்று அச்சாகியிருந்தது.

கொடைக்கு அவரே கூப்பிட்டார், போனேன்.
பந்தல் வாசலில் நன்கொடையாளர் ஃப்ளெக்ஸ்.
ஐகோர்ட் ராஜா: ரூ. 50000.
சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினார்.
ரூ. 500.00.
'ஃப்ளெக்ஸ் அடிச்சவன் உங்க ஆபீஸ் ஆளா சார்?'

மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.
அவருடைய சகலப்பாடி அந்த ஃப்ளெக்ஸை ஒட்டி நின்று
பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார் ஐகோர்ட் ராஜா.

'கெடக்கட்டும் சார்.
இதுக்கு ஜீப்பு வராது.'