மூண்டாம் தரம்

ஞாயிறு இரவு ஒன்பது பத்துக்கு
என் மீன்தொட்டி விலைபோனது.
ஒருதரம், ரெண்டுதரம் எண்டு கூவ ஆளில்லை,
மேசையில் தட்டச் சுத்தியலில்லை.
பின்னோக்கி ஓடிய கடிகாரம் பூச்சியத்தில் நிற்க
திரையில் ஒரு பச்சை வரி:
முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது.
வென்றவர் பெயர் சுறாக்குட்டி92.

நாலடித் தொட்டி, வெள்ளவத்தை, மூன்றாம் மாடி,
லிஃப்ட் இல்லை எண்டும் எழுதித்தான் போட்டேன்.
ஒரேயொரு ஒஸ்கார் மீனும் சேர்த்து.
ஏன் விற்கிறீங்கள் எண்டு கேட்டவைக்கெல்லாம்
கரண்ட் பில்லைப் படம் பிடித்து அனுப்பினேன்.

திங்கள் அரைநாள் லீவு.
இருநூறு லீட்டர் தண்ணியைக் குழாயால் உறிஞ்சி
வாளி வாளியாய்க் குளியலறையில் ஊற்றினேன்.
மணலை அலசினேன்.
மீனை நீலப் பேசினில் விட்டு
மேலே நுளம்புவலைத் துண்டு கட்டினேன், அது பாயும்.
பட்டா லொறிக்காரர் பியரத்னவுக்கு
முற்பணம் ரெண்டாயிரம்.

பத்தரைக்கு வாறதெண்டார்.
பன்னிரண்டுக்கு, வழியெல்லாம் ட்ராஃபிக் எண்டார்.
ரெண்டுக்கு ரிங் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.
நாலேகாலுக்கு இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்:
சொரி மிஸ், சின்னவன் ஃபோனை எடுத்து அமத்திட்டான்,
எங்களுக்குத் தொட்டி தேவையில்லை.

சின்னவன்!
ஆர் வீட்டில்தான் இல்லை ஒரு சின்னவன்.
போன மாசம் தையல் மெஷினை ஏலத்தில் எடுத்தவவுக்கு
மாமியார் ஆஸ்பத்திரியில்.
ஃபேனை எடுத்தவர்
கறுப்பை வெள்ளை எண்டு நினைச்சவராம்.
ரெண்டாவதாய்க் கேட்ட தெமட்டகொடைக்காரர்
இவர் நழுவினதை எப்படியோ மணந்து பிடித்து
இனிப் பதினைஞ்செண்டால் பாப்பம் எண்டார்.
கொம்பனி மட்டும் வாக்குத் தவறவில்லை.
விற்காத விற்பனைக்கும் நூற்றுக்கு நாலு கமிஷன்,
பில் அன்றிரவே வந்தது.

ஏலம் எண்ட சொல்லை நான் முதலில்
தேத்தண்ணிக்குள்தான் அறிந்தேன்.
அதைத் தோலுரித்தால் உள்ளே ஏதும் இருக்கும்.

வியாழன் இரவு அதே இலக்கம் அழைத்தது.
மூன்று நாளாய்த் தீட்டி வைத்த வசனங்கள்
தமிழிலும் சிங்களத்திலும் தயார்.
எடுத்தேன்.
மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு பொடியன்,
ஆறு வயசோ ஏழோ, குசுகுசுத்து:
"அன்ரி, அந்த மீன் என்ன தின்னும்?"

"ஆர் தம்பி அமத்தினது?"
"நான்தான். மற்ற ஆள் கூட்டக் கூட்ட
நானும் கூட்டினனான்."
"ஏன்?"
"படத்தில அது என்னைப் பாத்தது."

பேசினுக்குள் மீன் சரிந்து படுத்திருந்தது.
இடம் மாற்றினால் இந்தச் சாதி கோவிக்கும்,
செத்தது மாதிரிக் கிடக்கும் எண்டு
பாமன்கடையில் விற்றவன் அப்பவே சொன்னவன்.
ஒற்றைக் கண் மேலே பார்த்தபடி.

"வித்தாச்சு தம்பி" எண்டேன்.
"நல்ல ஆக்களா?"
"ஓம்."
"காசு தந்தவையா?"
"தந்தவை."
அந்தப் பக்கம் கதவு திறபட்டது,
லைன் அறுந்தது.

வாங்கியவரை மதிப்பிடுங்கள் எண்டு
ஐந்து வெறும் நட்சத்திரம் இன்னும் திரையில் கேட்கிறது.
எதிலும் அமத்தவில்லை.
பதினொன்றுக்குப் பிறகுதான் இந்த மாடிக்குத் தண்ணி ஏறும்.
முதல் வாளியைத் தொட்டிக்குள் ஊற்றினேன்,
மணல் கலங்கி எழுந்தது.
மருந்து மணம் போக
இந்தத் தண்ணி ஒரு இரவு சும்மா நிற்கவேணும்,
அதுக்குப் பிறகுதான் மீனை விடலாம்.