முதல் சுற்று

பீடோர் ஐஸ் ஆலை, காலை நாலரை.
கம்ப்ரஸரின் தலையைக் கழற்றி
விரலை உள்ளே விடுகிறாள் அமிர்தகௌரி.
சிலிண்டர் சுவரில் ஒரு கோடு,
நகம் தட்டுகிற ஆழம்.

ரொம்ப ஓட்டிவிட்டோமா என்கிறார் தவுக்கே.

ஓடும்போது இரும்பை இரும்பு தொடுவதே இல்லை, தவுக்கே.
நடுவில் எண்ணெய்,
வெங்காயச் சருகைவிட மெல்லிசு,
அதன்மேல்தான் பிஸ்டன் வழுக்கிப் போகிறது.
கரண்ட் மிச்சம் என்று ராத்திரி நிறுத்துகிறீர்களே,
எண்ணெய் வடிந்து அடியில் போய்ப் படுத்துவிடும்.
காலையில் சுவிட்சைப் போட்டதும்
முதல் நாலைந்து சுற்று
வெற்றுடம்போடு வெற்றுடம்பு.
தேய்வதெல்லாம் அங்கேதான்.

அவர் கரண்ட் பில்லைத் தேடுகிறார்.
அவள் புது வளையம் மாட்டி
எண்ணெய் பம்பை மட்டும் ஓடவிட்டு
பெரிய சக்கரத்தைக் கையால் இரண்டு தரம் சுற்றி
முள் எழும்வரை நிற்கிறாள்.
நிற்பதும் வேலைதான், கூலியில் சேராது.

வெளியே விடிந்துவிட்டது. செம்பனைக் குலை லாரிகள்.
கை துடைத்த துணியிலேயே போனைத் துடைத்து
தம்பியை அழைக்கிறாள்,
அம்மாவின் கருமாதிக்குப் பிறகு இப்போதுதான்.
பேச வேண்டியது
எஸ்டேட் வீடு விற்ற பணம்.

"ஈப்போவுல மழையா?"

கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.

"சாப்டியாடா?"